கவசத்தில் நான் விட்ட எட்டு வரிகள்

1

என் மகள் வாணிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சொல்லின் பொருள் என்ன, எங்கெங்கே பாவிக்கிறார்கள், எங்கேயிருந்து வந்தது, உங்கள் வீட்டு மொழியில் அதற்கு என்ன சொல்வீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போகவேண்டும். பக்கத்திலிருக்கிற பிள்ளைக்கு 'பிரெட்', எங்கள் பாண், கிடைத்ததாம். இன்னொரு பிள்ளைக்குக் குடை. என்னுடையதற்கு வந்து வாய்த்தது 'ஆர்மர்'.

"அம்மா, ஆர்மருக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டாள், இங்கிலீசில்தான். தமிழில் கேட்கிற பழக்கம் அவளுக்கு ஏழு வயதோடு போய்விட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீசில் பதில் சொல்வாள், எங்கள் வீடு இப்படித்தான் ஓடுகிறது.

நான் குசினியில் நின்றேன். "கவசம்" என்றேன். சொல்லிவிட்டு அடுப்பை நிறுத்தினேன். எதற்கு நிறுத்தினேன் என்று தெரியாமல் திரும்பக் கொளுத்தினேன்.

வாசிகசாலையிலிருந்து தலையணை மாதிரி ஓர் அகராதி கொண்டுவந்திருந்தாள். ஆர்மர் பிரெஞ்சிலிருந்து வந்ததாம், பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து. லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்கு ஆயுதம் என்று பொருளாம். "பார், இவையள் உடம்பைக் காக்கிற சாமானுக்கும் ஆயுதத்திலையிருந்துதான் பேர் வைச்சிருக்கினம்" என்றேன். என் கணவர் பத்திரிகையை மடித்து வைத்தார். தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிற மனிதர், ஆனால் தமிழ் என்று யாராவது வாய் திறந்தால் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். "கவசம் வடசொல். பழைய தமிழிலை மெய்ம்மறை. உடம்பை மறைக்கிறதாலை மெய்ம்மறை. எழுது பிள்ளை." வாணி அதை ஆங்கில எழுத்தில் எழுத வெளிக்கிட்டு எத்தனை எம் போடுவதென்று தெரியாமல் திணறினாள்.

அடுத்தது, எங்கெங்கே பாவிக்கிறார்கள். போர் வீரர்கள் போட்ட இரும்புச் சட்டை அவளுக்கே தெரியும். கோயிலில் சாமிக்கு வெள்ளிக் கவசம் சாத்துவதை நான் சொன்னேன். மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்கவசத்தை இவர் சொன்னார். கவச வாகனத்தையும் சொன்னார். அரசாங்கக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் நடந்த நாட்களில் இராணுவம் வந்தபோதுதான் அந்தச் சொல்லை நாங்கள் பேப்பரில் பார்த்துப் பழகினோம். பிறகு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "வாசிக்கிற கவசமும் இருக்கு" என்றேன்.

"கவசத்தை எப்படி வாசிக்கலாம்?"

"நான் காலமையிலை முணுமுணுக்கிறன், நீ கேக்கிறேல்லையே? அதுதான்."

"ஓ, அதா? அதிலே ஒரு துண்டை மட்டும் ஏன் இரண்டு தரம் சொல்கிறீர்கள்?"

பாருங்கள். கவசத்தின் பழைய தமிழ் விளங்காது, ஆனால் காது இருக்கிறது. பதினான்கு வருஷமாக என்னோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிற இவர் ஒருநாளும் கவனித்ததில்லை. "கொப்பியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போ" என்று அவளைத் துரத்திவிட்டேன். அந்த இரண்டு தரத்தைப் பற்றித்தான் இதில் எழுதப்போகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

2

எங்கள் வீடு மயிலிட்டிக் கரையில். ஐயாவுக்கு ஒரு வள்ளம் இருந்தது. அண்ணை என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஐயாவோடு கடலுக்குப் போனவர். அம்மாவுக்கு எழுத்து வாசிப்பு இல்லை. அதனால் எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வந்த நாளே அந்த மெல்லிய கவசப் புத்தகம் என் கைக்கு வந்துவிட்டது.

உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் எங்கள் கரை முறையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு ஆண்கள் கடலில் நிற்கிற நாட்களில் விளக்கு வைத்ததும் ஒருவர் இருந்து கவசம் வாசிக்கவேண்டும். உச்சந்தலையில் தொடங்கி உள்ளங்கால்வரை ஒவ்வோர் அவயவமாகப் பெயர் சொல்லி, இதைக் காப்பாற்று, அதைக் காப்பாற்று என்று முருகனிடம் ஒப்படைக்கிறது. நடுவில் கதைக்கக்கூடாது. வரிசை மாறக்கூடாது. ஓர் அவயவத்தையும் விடக்கூடாது. விட்டால் அந்த இடம் கடலுக்குத் திறந்து கிடக்கும் என்று எங்கள் பெண்கள் சொல்வார்கள். அம்மா குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பா. வாசிக்கத் தெரியாதே தவிர முழுவதும் பாடம். நான் எங்காவது இடறினால் அகப்பையால் சட்டியில் டக்கென்று ஒரு தட்டு விழும்.

தனிச் சிங்களச் சட்டம் வந்ததற்கு அடுத்த வருஷம். எனக்குப் பதினொரு வயது. அன்றைக்கு ஐயாவும் அண்ணையும் மத்தியானமே வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த ஊர் அம்மன் கோயிலில் பூங்காவனத் திருவிழா. பக்கத்து வீட்டு இராசாத்தி குடும்பம் வண்டில் கட்டிக்கொண்டு போகிறார்கள், விடிய வந்துவிடுவார்கள், நானும் போகட்டோ என்று நான் காலையிலிருந்தே அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். அம்மா மாட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தா. பின்னேரம் இராசாத்தி வீட்டுக்குப் போய், உத்தரவு கிடைத்தால் போகலாம் என்று அங்கேயே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றேன். அம்மா என்னைப் பார்த்தா.

"சரி, போட்டு வா. ஆனால் வாசிச்சிட்டுப் போ. வடிவா, உரத்து வாசி."

எனக்கு நம்பமுடியவில்லை. அம்மாவுக்கு இன்றைக்கு என்ன வந்தது? ஆனால் கேட்டதைக் கொடுத்தால் யார்தான் காரணம் விசாரிப்பார்கள்? விளக்கடியில் இருந்து தொண்டை கிழியத் தொடங்கினேன். தலை, நெற்றி, கண், காது, கழுத்து. படலையடியில் வண்டில் வந்து நின்றது. மாட்டின் சலங்கை கேட்டது. "எடியே, கெதியா வாவன்! விட்டிட்டுப் போப்போகினம்!" என்று இராசாத்தி கத்தினாள். நான் தோளுக்கு வந்திருந்தேன். தோளுக்குப் பிறகு புயம், முழங்கை, மணிக்கட்டு, உள்ளங்கை, விரல் என்று எட்டு வரி. எட்டே எட்டு வரி. நான் தோளிலிருந்து நேரே நெஞ்சுக்குப் பாய்ந்துவிட்டேன்.

அகப்பை தட்டவில்லை. அம்மா கவனிக்கவில்லை, தப்பினேன் என்று நினைத்தேன். மிச்சத்தை ஓட்டி முடித்துப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிவிட்டு ஓடினேன். கோயிலில் தும்பு முட்டாசு தின்றேன். சின்னமேள ஆட்டம் பார்த்தேன். சரியான சந்தோஷம்.

விடிய வண்டிலால் இறங்கினால் எங்கள் முற்றத்தில் சனம். அண்ணை சுவரில் சாய்ந்து இருந்தார். வலது கையில் வெள்ளைச் சீலை சுற்றியிருந்தது. "வள்ளத்திலை கயிறு சுத்தி இழுத்துப்போட்டுது" என்று ஐயா வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவிரல், மோதிரவிரல், சின்னவிரல் மூன்றும் இல்லை. நான் கிணற்றடிக்குப் போய் சத்தியெடுத்தேன். முட்டாசின் சிவப்பு அப்படியே வந்தது.

ஒருவருக்கும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அண்ணை அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. கயிறு பிடிக்க விரல் வேண்டாமா? கரையில் நின்று மீனை ஏலம் கூறி விற்கிற வேலைக்குப் போனார். தொண்டை இருந்தால் போதும். கல்யாணம் கட்டினார், மூன்று பெண்பிள்ளைகள். நானும் இவரைக் கட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்துவிட்டேன். வந்தாலும் என்ன? இருபத்து மூன்று வருஷமாக ஒவ்வொரு நாளும் கவசம் சொல்கிறேன். கை வருகிற இடத்தில் அந்த எட்டு வரியையும் இரண்டு தரம் சொல்கிறேன். ஒன்று அன்றைக்குரியது, ஒன்று இன்றைக்குரியது.

3

எனக்கு ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பகுதியில் வேலை. படம் எடுக்க வருகிறவர்களை மேசையில் ஏற்றி, இப்படித் திரும்புங்கள், மூச்சைப் பிடியுங்கள் என்று சொல்கிற உதவியாள். குழந்தைகள் வந்தால் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அப்போது எங்களுக்கு ஈயம் வைத்த கனத்த மேலங்கி ஒன்று தருவார்கள். கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடும். கழற்றும்போது தோள் வலிக்கும். கைக்கு மட்டும் அதில் ஒன்றும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைக் கவனித்தேன், வேறு யாரும் அதைப் பெரிதாக எடுத்ததாகத் தெரியவில்லை.

பெப்ரவரியில் அண்ணையின் கடிதம் வந்தது. இடது கையால் எழுதிப் பழகிய எழுத்து, எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். 'அம்மாவும் போய்விட்டா. உன்னை ஒருக்காப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறது. ஆறு கிழமைக்கு வரட்டோ?'

அன்றைக்கே முடிவு கட்டினேன். இந்த முறை சொல்லிவிடவேண்டும். கடிதத்தில் எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் கடிதம் என்றால் வாசலில் வைத்து எல்லாரும் கேட்க உரத்து வாசிக்கிறது. அம்மா கேட்டுக்கொண்டிருப்பா. பெற்ற தாயின் காதில் அது எப்படி விழும்? இப்போது அம்மா இல்லை. அண்ணை என் முன்னால் இருப்பார். திட்டினால் திட்டட்டும். அடித்தாலும் அடிக்கட்டும். ஆனால் ஒன்றும் சொல்லாமல் எழும்பி மற்ற அறைக்குப் போய்விட்டால்? எனக்கென்று பிறந்த பக்கத்தில் மிச்சம் இருக்கிறது அவர் ஒருவர்தான். அந்தப் பயத்தில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் வசனம் கட்டிக்கட்டி அழித்தேன். மூன்று தரம் திரைச்சீலை மாற்றினேன். "என்ன, மகாராணியே வாறா?" என்று இவர் நக்கலடித்தார்.

கடுதாசி வேலைக்கும் குறைவில்லை. வேலைத்தலத்துக் கடிதம், பாங்குக் கடிதம், வீட்டு உறுதியின் பிரதி, அந்த ஒன்றரை மாதமும் நாங்களே சாப்பாடு போடுவோம் என்று ஒரு சத்தியக் கடதாசி. சொந்த அண்ணனுக்குச் சோறு போட ஒரு சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்தேன்.

4

சனிக்கிழமை காலை விமான நிலையத்துக்குப் போனோம். இவர் காரை விடப் போய்விட்டார். வாணி கொப்பியையும் கொண்டுவந்தாள், திங்கட்கிழமை கொடுக்கவேண்டுமாம். கொழும்பு விமானத்துச் சனமெல்லாம் பெட்டியும் கையுமாக வந்து, கட்டிப்பிடித்து, அழுது, போய்விட்டது. அண்ணையைக் காணவில்லை. ஒரு மணித்தியாலம் போனது. பிறகு ஒலிபெருக்கியில் என் பெயர் மாதிரி ஒன்றைக் கூப்பிட்டார்கள்.

சின்ன அறை. முகத்தில் புள்ளி புள்ளியாக மச்சம் வைத்த இளம் அதிகாரி. நல்ல மரியாதை. இந்த ஊரில் மரியாதை கூடினால்தான் எனக்குப் பயம் பிடிக்கும்.

"உங்கள் அண்ணன் என்கிறீர்கள். அவருடைய பெயரில் ஒரு சொல்கூட உங்கள் பெயரில் இல்லையே?"

ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரை முன்னால் வைப்போம், நான் கட்டினபிறகு புருஷன் பெயருக்கு மாறிவிட்டேன் என்று விளக்கினேன். அவர் எழுதிக்கொண்டார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. வாழ்நாளில் ஊரைவிட்டு வெளியே போகாத ஒருவர் தங்கையைப் பார்க்க மட்டும் இவ்வளவு தூரம் வருவாரா என்று கேட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். ஒரே கேள்விகளை எனக்கும், மொழிபெயர்ப்பாளரை வைத்து அண்ணைக்கும் தனித்தனியாகக் கேட்பார். பதில் பொருந்தினால் உள்ளே விடுவார். பொருந்தாவிட்டால் நாளைக்குக் காலை விமானத்தில் அவரைத் திருப்பி ஏற்றிவிடுவார்.

பக்கத்து அறையில் அண்ணை இருக்கிறார். நடுவில் ஒரு சுவர். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு அவ்வளவு கிட்ட வந்து, முகத்தைக்கூடப் பார்க்காமல், சொல்லவேண்டியதைச் சொல்லாமல் திருப்பி அனுப்பிவிடுவார்களோ? வாணி மேசைக்குக் கீழே தன் கையை என் முழங்காலில் வைத்தாள்.

5

ஐயா பெயர், அம்மா பெயர். வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது. கிணறு வீட்டுக்கு எந்தப் பக்கம். அதிகாரி ஒவ்வொன்றாக அடையாளம் போட்டார். எல்லாம் பொருந்துகிறது என்று எனக்கு விளங்கியது. மூச்சு வந்தது.

"அவருடைய பாஸ்போட்டில் வலது கையில் மூன்று விரல் இல்லை என்றிருக்கிறது. எப்படிப் போனது?"

"கடலில். வள்ளத்துக் கயிறு சுற்றியது."

"நிச்சயமாக?"

"நிச்சயமாக."

போனார். இருபது நிமிஷம் கழித்து வேறொரு முகத்தோடு வந்தார். "உங்கள் அண்ணன் வெடிமருந்து என்கிறார்."

"பொய்!" என்று கத்திவிட்டேன். யாருடைய பொய் என்று எனக்கே தெரியாது. அவர் பேனையை மூடினார். "ஒன்றில் அவர் உங்கள் அண்ணன் இல்லை. அல்லது இரண்டு பேரில் ஒருவர் உண்மை சொல்லவில்லை. கயிறு என்று நீங்கள் எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பக்கத்தில் இருந்தீர்களா?"

"இல்லை. எனக்குப் பதினொரு வயது. வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் கடலில்தான் போனது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அது என்னால் போனது."

அவ்வளவும் என் வாயிலிருந்து வந்துவிட்டது, இங்கிலீசில். விளக்கு, புத்தகம், வண்டில், தும்பு முட்டாசு, எட்டு வரி. புருஷனுக்குச் சொல்லாததை, தாய்க்குச் சொல்லாததை, ஒரு வெள்ளைக்காரப் பொடியனுக்குச் சொன்னேன். இங்கிலீசில் சொல்லும்போது வேறு யாருக்கோ நடந்த கதை மாதிரி இருந்தது. நோகவில்லை. அது எனக்கு ஆத்திரமாக வந்தது.

"ஆர்மரை வாசித்தீர்களா?" என்று அவர் புருவத்தைச் சுருக்கினார். வாணி கொப்பியைத் திறந்து அவர் முன்னால் தள்ளினாள். "அது ஒரு பிரார்த்தனை. உடம்பின் எல்லாப் பகுதியையும் சொல்லவேண்டும். அம்மா கைகளை விட்டுவிட்டா." வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரிச் சொன்னாள். ஆனால் என் முழங்காலில் இருந்த கையை எடுக்கவில்லை.

அதிகாரி கொப்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழும்பிப் போனார். திரும்பி வந்து கதிரையில் இருக்காமலே சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அந்த நேரத்தில் வீட்டில் தங்கைக்கு என்ன சொன்னீர்கள் என்று. கயிறு என்றார்." பிறகு சிரித்தார். "ஆறு கிழமை. கூட்டிக்கொண்டு போங்கள்."

6

அண்ணை யாரோ இரவல் கொடுத்த பெரிய கோட்டுக்குள் நின்றார். நரைத்துப் போய்விட்டார். எங்களுக்குக் கட்டிப்பிடிக்கிற பழக்கம் இல்லையே. இரண்டு விரல் கையை என் தலையில் வைத்தார். நான் பேய் மாதிரி அழுதேன். "சீ, விசரி, சனம் பாக்குது" என்றார்.

கார் பெருந்தெருவில் ஏறியதும் கேட்டேன். "ஏன் அண்ணை வெடி எண்டு சொன்னனீங்கள்? உங்களைத் திருப்பி அனுப்பப் பாத்தவங்கள்!"

"பின்னை என்னத்தைச் சொல்ல? நீ உண்மையைச் சொல்லுவாய், நான் கயிறு எண்டால் ரெண்டும் பொருந்தாது எண்டுதான் வெடி எண்டனான். நீ போய்க் கயிறு எண்டு சொல்லுவாய் எண்டு நான் கனவிலும் நினைக்கேல்லை."

"எனக்கு என்ன உண்மை தெரியும்?"

"உதென்ன கேள்வி? நீதானே கண்டனி."

அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு கதைத்தார், சந்தோஷமாக, பழைய பகிடி ஒன்றைச் சொல்கிற மாதிரி.

"அண்டைக்கு நாங்கள் களவா டைனமைட் போட்டு மீன் பிடிக்கப் போனனாங்கள். அதுக்குள்ளை வைக்கிற கேப் எண்டு ஒரு சின்னக் குழாய் இருக்கு. அதைத் திரியோடை பொருத்தேக்கை கையிலையே வெடிச்சிட்டுது. பின்னேரம் மூண்டு மணி இருக்கும். கரையிலை பொலிஸ் திரியுது. ஐயா என்னை வேலிப் பொட்டுக்குள்ளாலை இழுத்துக்கொண்டு வந்து எங்கடை வலைக் கொட்டிலுக்குள்ளை கிடத்தினவர். அம்மா மஞ்சளை அப்பிச் சீலையாலை கட்டினவ. நீ அங்காலை விளக்கடியிலை இருந்து வாசிக்கிறாய். நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டு கிடக்கிறன். தலை வந்துது. கண் வந்துது. தோள் வந்துது. இனிக் கை வரப்போகுது எண்டு கண்ணை மூடினன். நீ நெஞ்சுக்குப் போட்டாய்."

இவர் காரை ஓட்டிக்கொண்டே "அட!" என்றார்.

"அப்பதான் எனக்கு விளங்கினது, பிள்ளை என்னைக் கண்டிட்டாள் எண்டு. இல்லாத விரலுக்கு என்னெண்டு வாசிக்கிறது எண்டு அவளுக்கு மனம் வரேல்லை, விட்டிட்டாள். பதினொரு வயசுப் பிள்ளை. கண்டும் கத்தேல்லை, அழேல்லை, ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. எனக்கு அந்த நேரம் நோவே ஒருக்கா நிண்டமாதிரி இருந்தது. ஐயா சாகுமட்டும் அதைச் சொல்லுவார். என்ரை பெட்டையளுக்கும் நான் சொல்லித்தான் வளத்தனான், மாமியைப் போலை இருக்கவேணும் எண்டு."

எல்லாம் ஒவ்வொன்றாக இடத்தில் வந்து விழுந்தது. காலை முழுக்க மாட்டேன் என்ற அம்மா ஏன் போகச் சொன்னா என்று. வெளியில் நிற்கிற பொலிசுக்கு வீடு வழக்கம்போல் இருக்கிறது என்று கேட்கவேண்டும், அதனால் உரத்து வாசி. என்னை வண்டிலில் ஏற்றிவிட்டால்தான் அண்ணையை உரும்பிராயில் வைத்தியம் செய்கிற பரியாரியாரிடம் கொண்டுபோகலாம், அதனால் போட்டு வா. நான் புத்தகத்தைத் திறக்க முதலே அந்த விரல்கள் போய்விட்டன. இருபத்து மூன்று வருஷமாக நான் சுமந்த பழி என்னுடையது இல்லை.

சந்தோஷம் வந்திருக்கவேண்டும், அல்லவா? எனக்கு வேறொன்றுதான் வந்தது. அந்தச் சின்னக் கொட்டிலுக்குள் ஒருவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டு கிடக்கிறார். நான் வண்டிலைப் பார்க்கிறேன்.

பின் ஆசனத்தில் வாணி என் காதுக்குள் இங்கிலீசில் கேட்டாள்: "இப்போது அவருக்குச் சொல்லப் போகிறீர்களா?" பேசாமல் இரு என்றேன். அவளுக்கு எல்லாம் தெரியும், ஆனால் மாமாவுக்குச் சொல்லத் தமிழ் இல்லை. அது அன்றைக்கு எனக்கு வசதியாகப் போய்விட்டது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

7

ஆறு கிழமை இருந்தார். திட்டு வாங்க நான் ஆயத்தமாக இருந்தேன். புகழ் வாங்க ஆயத்தமாக இருக்கவில்லை. இவர் வேறு, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கதையை அவிழ்த்துவிட்டார். "பதினொரு வயசிலை எவ்வளவு அடக்கம் பாருங்கோ!" நான் தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுவேன். அண்ணையிடம் சொல்ல ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தேன். "சீனி போதுமோ அண்ணை?" என்று கேட்டு மூடினேன். அவருக்கு அந்த வேதனைக்குள் கிடைத்தது அந்த ஒன்று. அதை எப்படிப் பிடுங்குவது?

போவதற்கு முதல் நாள், விளக்கு வைத்த நேரம், சாமிப் படத்துக்கு முன்னால் வந்து சப்பணம் கட்டி இருந்தார்.

"ஒருக்கா வாசி பிள்ளை. உன்ரை வாயாலை கேட்டுக் கனகாலம்."

வாசித்தேன். தோள் வந்தது. வழக்கம்போல எட்டு வரியையும் இரண்டு தரம் சொல்ல மூச்சை இழுத்தேன். அண்ணை அந்த இரண்டு விரலையும் உயர்த்தினார்.

"உந்தக் கை வரியளை விடு. அண்டைக்குப் போலை விட்டிட்டு வாசி."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு அமைதி. நான் என்ன செய்வேன்? நெஞ்சுக்குப் போனேன். வாசித்து முடியும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. வாணி கதவடியில் நின்று என்னையே பார்த்தாள்.

அண்ணை போய் ஒரு மாதம். போய்ச் சேர்ந்தேன் என்று எழுதியிருந்தார். அதிலும் அந்தப் புகழ்தான். நான் இன்னும் பதில் போடவில்லை. கடிதத்தைத் தொடங்குவேன், கிழிப்பேன். பஸ்ஸில் இரண்டு தரிப்பிடம் தாண்டிப்போய் இறங்குகிறேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை மயிலிட்டிக்கு வரும். அண்ணை மீன் கூறி முடிந்ததும் அதை முன் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிக்கிறவர்.

அண்ணை, நான் உங்களைக் காணேல்லை. கொட்டில் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. வண்டில் விட்டிட்டுப் போயிடும் எண்டுதான் கையை விட்டிட்டு வாசிச்சனான். வேறை ஒரு காரணமும் இல்லை. என்னெண்டாலும் திட்டி எழுதுங்கோ. எழுதாமல் மட்டும் விட்டிடாதையுங்கோ.